வெறுங்கால் கென்னும் நம்ம புள்ளலூரும்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு 1972 முக்கியமான வருஷம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பிய வருஷம் அது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அதற்குப் பிறகு 1984ல் லயன் வந்தது. சண்டைக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஹீரோ சுடுவான், எதிரி விழுவான், அடுத்த கட்டத்தில் கதை வேறு இடத்துக்குப் போய்விடும். விழுந்தவனுக்கு அம்மா இருக்கிறாளா, அவன் வீட்டில் அன்றைக்கு ராத்திரி அடுப்பு எரிந்ததா என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற வயசும் இல்லை.

முத்து காமிக்ஸ் வந்ததற்கு அடுத்த வருஷம், 1973 ஜூனில், ஜப்பானில் 'ஷோனென் ஜம்ப்' என்ற வாரப் பத்திரிகையில் ஒரு தொடர் ஆரம்பித்தது. பையன்களுக்கான பத்திரிகை. (பிற்பாடு டிராகன் பால் வந்தது இதே பத்திரிகையில்தான்.) கதையின் பெயர் 'ஹதாஷி நோ கென்'. தமிழில் சொன்னால் 'வெறுங்கால் கென்'. கென் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஊர் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6 காலையில் அவன் ஸ்கூலுக்குப் போகிறான். அப்புறம் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் அதை ஒரு சின்னப் பையனின் கண்ணில் பட்டபடியே, தோல் உரிந்து தொங்க நடந்துபோகும் மனிதர்களோடு, இடிந்த வீட்டுக்கடியில் மாட்டிக்கொண்டு எரியும் அப்பாவோடும் அக்காவோடும் தம்பியோடும், குழந்தைகள் பத்திரிகையிலேயே வரைந்து காட்டினார் ஒருவர்.

இந்தப் பதிவு அந்தப் படக்கதையைப் பற்றி. கூடவே, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றியும், அந்தச் சண்டைக்கு வரையப்பட்ட ஒரு பெரிய படத்தைப் பற்றியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க, வரேன்.

வரைந்தவர் யார்?

கெய்ஜி நகஸாவா. 1939 மார்ச்சில் ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது வயசு ஆறு. பள்ளிக்கூட வாசலில் நின்று, கூடப் படிக்கும் பையனின் அம்மா ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். குண்டு வெடித்த இடத்துக்கும் அவருக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் சுவர் வெப்பத்தை மறைத்ததால் இவர் பிழைத்தார். பேசிக்கொண்டிருந்த அந்த அம்மா பிழைக்கவில்லை.

வீட்டில் அப்பா, அக்கா, தம்பி மூவரும் இறந்துவிட்டார்கள். அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நாளிலேயே தெருவில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. சில மாதம்தான் உயிரோடிருந்தது. வீடு எரிந்தபோது நகஸாவா அங்கே இல்லை. அம்மா சொல்லச் சொல்லக் கேட்டதுதான். ஆனால் கதையில் கென்னை அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். உத்தரத்தைத் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை, தீ நெருங்குகிறது. அம்மா ஒருத்தியாகத் தாங்கிக்கொண்டிருந்ததை மகன் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது மாதிரி எனக்குப் படும்.

1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்று கணக்கு. இந்த எண்ணைப் படித்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு தம்பி "அண்ணா"ன்னு கத்துறதைப் படத்தில் பார்த்தால் ஆகிறது.

உடனே அவர் இதை வரையவில்லை. போர் முடிந்ததும் வந்த அமெரிக்க ராணுவ நிர்வாகம் அணுகுண்டு பற்றிய எழுத்துக்குத் தணிக்கை வைத்திருந்தது. அது 1952 வரைக்கும். அது போன பிறகும் 'குண்டுபட்டவர்' என்றால் வேலை கொடுக்க யோசிப்பார்கள், பெண் கொடுக்க யோசிப்பார்கள். நகஸாவா போர்டு எழுதும் வேலை பார்த்தார். 1961ல் டோக்கியோவுக்குப் போய்ப் படக்கதைக்காரர் ஆனார். ஹிரோஷிமா பற்றி வாயே திறக்கவில்லை. 1966ல் அம்மா இறந்தார். அவர்கள் வழக்கப்படி தகனம் முடிந்ததும் சாம்பலில் எலும்பு பொறுக்கப் போனால், எலும்பே இல்லை. கதிர்வீச்சு எலும்பைக்கூடத் தின்றுவிட்டது என்றே அவர் நம்பினார். அந்தக் கோபத்தில்தான் பேனாவை எடுத்தார். முதலில் எழுதிய கதையைப் பெரிய பத்திரிகைகள் தொடவில்லை. 1968ல் பெரியவர்களுக்கான ஒரு பத்திரிகையில் வந்தது. 1972ல் 'நான் பார்த்தேன்' என்று தன் சொந்தக் கதையைச் சுருக்கமாக வரைந்தார். அதைப் பார்த்த ஷோனென் ஜம்ப் ஆசிரியர் நகானோ, இதை நீளமாகவே எழுதுங்கள் என்று இடம் கொடுத்தார். அதுதான் கென்.

ஜம்பில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடியது. பிறகு சின்னச் சின்னப் பத்திரிகைகளில் மாறி மாறி வந்து 1987 வரை நீண்டது. மொத்தம் 10 தொகுதி. 1976ல் டோக்கியோவில் சில இளைஞர்கள் ஒன்று சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல் இங்கிலீஷில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. இந்தியிலும் வந்திருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பெரிசாகத் தெரிவது ரத்தம் இல்லை. கோபம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான். குண்டு போட்ட அமெரிக்கா மேல் கோபம் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் கதை குண்டு விழுவதற்குப் பல மாதம் முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது. கென்னின் அப்பா போர் வேண்டாம் என்கிறவர். போலீஸ் பிடித்துப்போய் அடிக்கிறது. தெருவே 'தேசத் துரோகி' என்று கூப்பிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு உதவும் ஒரே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கொரியாக்காரர். குண்டு விழுந்த பிறகு அந்தக் கொரியாக்காரரின் அப்பாவுக்குச் சிகிச்சை மறுக்கிறவர்கள் ஜப்பானியர்கள்தான்.

இதை நாம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "ஜப்பான்காரன் மட்டும் யோக்கியனா? சயாம் ரயில் பாதையில் நம்ம ஆளுங்களைக் கொன்னவன்தானே" என்று ஒரு தமிழன் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. 1942, 43ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான் ராணுவம் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அந்தக் காட்டில் செத்தார்கள். நகஸாவா இந்தக் கேள்விக்கு ஓடி ஒளியவில்லை. ஜப்பான் ராணுவம் ஆசியாவில் செய்த கொடுமைகளைப் பின் தொகுதிகளில் அவரே வரைந்தார். அதனால்தான் சொந்த நாட்டிலேயே அடியும் வாங்கினார். ஜப்பானில் மட்ஸுயே என்ற ஊரில் 2012 டிசம்பரில் பள்ளி நூலகங்களில் இந்தப் புத்தகத்தைப் பையன்கள் கைக்கு எட்டாதபடி வைக்கச் சொன்னார்கள். அதே மாதம் 19ஆம் தேதி நகஸாவா இறந்தார். 2013 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்ப, உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2023ல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிப் பாடப் புத்தகத்திலிருந்து கென் வரும் பகுதியை எடுத்துவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

எங்கள் தாமல் ஆற்காட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். இன்றைக்குப் பெங்களூர் ஹைவேயில் போகிறவர்களுக்கு ஒரு பெரிய ஏரி தெரியும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே போனால் புள்ளலூர். ரொம்ப அமைதியான கிராமம். ஆனால் இந்த ஊர் பெயர் சரித்திரத்தில் சண்டைக்காகவே மாட்டிக்கொண்ட பெயர். மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் எதிரிகளை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அது ஏழாம் நூற்றாண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, மறுபடியும் அதே இடம்.

1780 ஜூலையில் ஹைதர் அலி மலை இறங்கி வந்தார். எண்பதாயிரத்துக்கு மேல் படை என்று சொல்வார்கள். ஆகஸ்டில் ஆற்காட்டை முற்றுகை போட்டார். மன்ரோ என்ற கம்பெனி தளபதி சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்து உட்கார்ந்தார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவரோடு சேர வேண்டும். வழியில் கொசஸ்தலை ஆறு. வற்றிக் கிடந்த ஆற்றைக் கடக்காமல் பெய்லி இக்கரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரி மழை, விடிந்தால் வெள்ளம். ஒரு வாரத்துக்கும் மேல் போய்விட்டது. அதற்குள் ஹைதர் ஆற்காட்டை விட்டுவிட்டுக் காஞ்சிப் பக்கம் திரும்பினார். மகன் திப்பு ஏற்கனவே பெய்லியைத் துரத்திக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூரில் முடிந்தது கதை. பெய்லியிடம் சுமார் 3,800 பேர். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டும் பீரங்கியும் பொழிந்ததில் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. படை அழிந்தது. பெய்லி கைதாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போய் 1782ல் சிறையிலேயே இறந்தார். காஞ்சிபுரத்தில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மன்ரோ, பெரிய பீரங்கிகளை இங்கேயே குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27, அதே புள்ளலூரில் மறுபடி சண்டை. இந்தத் தடவை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்.

இந்த முதல் சண்டைக்கு ஒரு படம் இருக்கிறது. மைசூர் டூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்க நம்ம புள்ளலூர்தான்! வரிசை வரிசையாகக் குதிரை, யானை, சிப்பாய். பல்லக்கில் பெய்லி. வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. வெட்டுப்படும் தலைகள். ஹைதரும் திப்புவும் பூவை முகர்ந்துகொண்டு சாவதானமாக வருகிறார்கள். ஒரே சுவரில் பல காட்சி, கட்டம் போடாத காமிக்ஸ் மாதிரி. திப்பு இறந்த பிறகு அந்த மாளிகையில் தங்கிய வெல்லெஸ்லி, தன் ஆட்கள் தோற்ற அந்தப் படத்தையே புதுப்பிக்க வைத்தார் என்பது ஒரு வேடிக்கை. அதே படத்தின் காகித வடிவம் ஒன்று, சுமார் 32 அடி நீளம், 2022 மார்ச்சில் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது.

படம் அழகு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சுவர் ஜெயித்தவனுடையது. புள்ளலூரில் இருப்பது இன்னொரு பக்கத்தவனுடையது. அங்கே 1781 சண்டையில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண் நிற்கிறது. சுவரில் ஒரு கட்சி, தூணில் ஒரு கட்சி. புள்ளலூர்க்காரன் எங்கே?

அவனுக்கு என்ன ஆயிற்று என்று கொஞ்சம் பாருங்கள். ஆங்கிலேயப் படைக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று ஹைதர் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களைக் கொளுத்தச் சொன்னார். பயிர் போச்சு, மாடு போச்சு, வீடு போச்சு. எத்தனையோ பேரைப் பிடித்து மைசூர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். தறிக்காரன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். விதைநெல்லை மூட்டை கட்டலாம், மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். தறிக்குழியைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? இந்தப் பக்கம் கம்பெனியும் நவாபும் ஒன்றும் கண்ணீர் வடிக்கவில்லை. காப்பாற்றுவதாகச் சொல்லி வரி வாங்கியவர்கள், ஹைதர் வருகிறார் என்று தெரிந்தும் கடைசி நிமிஷம் வரை உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து ரெண்டு வருஷத்தில் பஞ்சம். பிழைத்தவர்கள் சென்னையைப் பார்த்து நடந்தார்கள். 1782ல் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னையில் பழைய ஆட்கள் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர்தான் ஓடிப்போன ஜனங்களுக்கு எழுந்த நினைவுத் தூண் என்று வைத்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தில் சாமி ஓடினதுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. 1688ல் மொகலாயப் படைக்குப் பயந்து வரதராஜரை ரகசியமாக உடையார்பாளையம் கொண்டுபோனார்கள், 1710ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கோயில் கல்வெட்டே அதைச் சொல்கிறது. சாமி போனால் கல்வெட்டு உண்டு, ராஜா ஜெயித்தால் சுவர் உண்டு, துரை செத்தால் தூண் உண்டு.

இப்போது கென் ஏன் ஞாபகம் வந்தது என்று புரிந்திருக்கும். படத்தில் கொடூரம் காட்டுவது பெரிய விஷயமே இல்லை. தரியா தௌலத் சுவரிலும் தலை உருள்கிறது. அங்கே ரத்தம் இருக்கிறது, ஆனால் அது யார் வீட்டு ரத்தம் என்ற விசாரணை கிடையாது. கென்னில் அந்த விசாரணைதான் கதையே. ஒரு வீடு, ஒரு குழந்தை, நாளைக்கு அரிசிக்கு என்ன வழி, செத்தவர்களைத் தோண்டி எடுக்க மண்வெட்டி எங்கே கிடைக்கும்... குண்டு போட்டவன் கதையும் ராஜாவின் கதையும் வெளியே எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு இணையத்தில் திப்பு, ஹைதர் என்று ஆரம்பித்தாலே ரெண்டு கட்சி. விடுதலை வீரன் என்று ஒரு பக்கம், கொடுங்கோலன் என்று ஒரு பக்கம். கத்திக் கத்தித் தொண்டை வற்றிவிடும். ரெண்டு கட்சிக்கும் புள்ளலூர் என்பது ஆதாரத்துக்கு எடுக்கும் ஒரு தேதி. அந்த வருஷம் கொளுத்தப்பட்ட ஊர்க்காரனுக்கு யார் வீரன் என்ற கேள்வி வந்திருக்குமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கென் படித்துவிட்டு இந்தச் சண்டைகளைப் பார்த்தால் இதுதான் முதலில் உறைக்கும்.

"பசங்களுக்குப் போய் இதையெல்லாம் காட்டலாமா? ராத்திரி பயந்துக்கும்" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகள் படிப்பார்கள் என்பதால், தான் பார்த்ததைக் குறைத்துத்தான் வரைந்தேன் என்று நகஸாவாவே சொல்லியிருக்கிறார். நான் அஞ்சாங்கிளாஸ் பையன் கையில் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். ஆனால் பயம் காட்டாத சண்டைக் கதையை மட்டும் கொடுத்து வளர்த்தால் சண்டை ஒரு விளையாட்டு என்றுதான் பிள்ளை நினைக்கும். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படுவதில் தப்பில்லை.

தமிழர் போருக்கு இந்த வகையில் ஒரு படப்புத்தகம் வந்திருக்கிறது. 2019ல் வெளியான 'வன்னி'. கிளிநொச்சியில் ஐ.நா.வுக்காக வேலை பார்த்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறியபோது, போகாதீர்கள் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவர் டிக்ஸ். ஒரு குடும்பத்தை மட்டும் பின்தொடர்ந்து சுனாமியிலிருந்து 2009 வரை போகிற கதை. நல்ல புத்தகம், மனசாட்சியோடு செய்தது. இருந்தாலும் பார்த்தவர் சொன்னது வேறு, பட்டவர் வரைவது வேறு.

பட்டவர்கள் வரைய நாளாகும். நகஸாவாவுக்கு 27 வருஷம் ஆனது. 'நான் பார்த்தேன்' வரையும்போது அவருக்கு வயசு 33. முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதம் ஆறு வயசாக இருந்த ஒரு குழந்தை இன்றைக்கு இருபதைத் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டு, இதைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம், நகஸாவா இருந்த மாதிரியே. அந்தப் பிள்ளைக்கு 33 ஆக இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கிறது. அது பென்சிலை எடுக்கிற அன்றைக்கு, ஒரு பக்கம் ஒதுக்கித் தர ஒரு தமிழ்ப் பத்திரிகையும், பயந்தாலும் புரட்டிப் படிக்க நாமும் தயாராக இருக்கணும். அவ்வளவுதான் சொல்ல வந்தது.